மாலை விலை 630 பவுன்!

ஃபேன்டஸி கேம் ஆடுற பார்ட்டிகளுக்கு இந்த சீன் மனப்பாடமா இருக்கும். பெரிய துறைமுக ஊர். கப்பல், மூட்டை, நாலு பாஷை, ஏழு தினுசு ஆளுங்க. ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஹீரோ முதல் வேலையா ஒரு சந்துக்குள்ள திரும்புவார். மங்கலா ஒரு விளக்கு. கீழே சரக்கு, மேலே ரூம். கவுன்ட்டர்ல நிக்கிற அக்காகிட்ட ரெண்டு காசைத் தள்ளினா ஊர் ரகசியம் அத்தனையும் கொட்டும். வாள் எங்கே கிடைக்கும், ராஜாவுக்கு யார் எதிரி... எல்லாம். 2023-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’-ல ‘ஷாரெஸ் கேரஸ்’னு அச்சு அசலா இப்படி ஒரு வீடு உண்டு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ல லிட்டில்ஃபிங்கர் வளர்ந்ததே இப்படி வீடுகளை நடத்தித்தான்.

இப்ப ஒரு கேள்வி. நீங்க அந்த வீட்டுக்குள்ள போக நாலு வழி வச்சிருக்கான் கேம் டிசைனர். முன்வாசல், பின்வாசல், ஜன்னல், சாக்கடைச் சுரங்கம். அந்த மாடி ரூம்ல இருக்கிற பொண்ணு வெளியே போறதுக்கு எத்தனை வழி வச்சிருக்கான்?

பெரும்பாலும் யாரும் யோசிக்கிறதே இல்ல பாஸ். அவ வால்பேப்பர். ஆனா யோசிச்ச ஒரு ஊர் இருக்கு. அது நம்ம ஊர்.

என்னோட ஊர்னு தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஆலங்குளம். (தென்காசி ஆலங்குளமான்னு எல்லாரும் கேட்பாங்க. இல்ல. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கிற சிமென்ட் ஃபேக்டரி ஆலங்குளம்.) எங்களுக்குக் கடல்னாலே அது லீவு விட்டாத்தான். நான் சொல்றது புகார். காவிரிப்பூம்பட்டினம். இப்ப மயிலாடுதுறை மாவட்டத்துல பூம்புகார்னு அமைதியா கிடக்கிற அதே ஊர்.

கரிகாலன் காலத்துப் புகாரை உருத்திரங்கண்ணனார் ‘பட்டினப்பாலை’யில எழுதி வச்சிருக்கார். அதுல வர்ற சரக்கு லிஸ்ட்டைப் பார்த்தா எந்த கேம் மேப்பும் பிச்சை வாங்கணும். கடல் வழியா வந்த குதிரை, வண்டியில வந்த மிளகு மூட்டை, வடமலைப் பொன், குடமலைச் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைச் சரக்கு, ஈழத்து உணவு. வெளியே போற ஒவ்வொரு மூட்டைக்கும் சுங்கக்காரங்க புலி முத்திரை குத்தி அனுப்பினாங்க. மருவூர்ப்பாக்கத்துல யவனர்களோட குடியிருப்பு. சிலப்பதிகாரம் அந்தப் பக்கத்துத் தெருக்களை எண்ணும்போது கள் விக்கிற பொண்ணுங்களையும் சேர்த்தே எண்ணுது. இன்னொரு பக்கம், பட்டினப்பாக்கம். அங்கே ராஜ வீதி, பெரிய வணிகர் தெரு எல்லாம் வரிசையா சொல்லிட்டு, ஆடல் மகளிர், கணிகையர் இருப்பிடத்தையும் அதே மூச்சுல சொல்லுது. ஊருக்கு வெளியே இல்ல, ஒளிச்சும் இல்ல, அட்ரஸோட.

கள்ளுக்கடைக்குக் கொடி கட்டியிருந்தாங்களாம். கடவுளுக்கு ஒரு கொடி, வாதம் பண்ண வந்த புலவர்களுக்கு ஒரு கொடி, கப்பல்ல ஒரு கொடி, சரக்குக் கடையில ஒரு கொடி. நம்ம டாஸ்மாக் போர்டுக்கு மூத்த அண்ணன்! வெளிநாட்டு அயிட்டமும் உண்டு. யவனர் நல்ல ஜாடியில கொண்டுவந்த வாசனை மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்துல ஊத்திக் கொடுக்க, பாண்டிய ராஜா குடிச்ச கதை புறநானூறுல இருக்கு. நக்கீரர் பாட்டு. சும்மா கவிஞர் அடிச்சு விடுறார்னு நினைக்க வேணாம். புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டை 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ ரோமானிய மது ஜாடி ஓடுகள் கிடைச்சது.

சரி, வெளிப்புறம் இவ்வளவு. உள்ளே அந்தக் கடை எப்படி இயங்குச்சு? பாட்டுல அது பெருசா இல்ல. அதுக்குன்னே வடக்கே ஒரு யூசர் மேனுவல் இருக்கு. கௌடில்யரோட அர்த்த சாஸ்திரம். இதுவும் நம்ம பக்கம் வழியாத்தான் உலகத்துக்குக் கிடைச்சதுங்கிறது சுவாரஸ்யம். தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருத்தர் கொடுத்த சுவடியை மைசூர் நூலகத்துல ஷாம சாஸ்திரி 1905-ல அடையாளம் கண்டு, 1909-ல அச்சுல கொண்டுவந்தார்.

அதுல சரக்குக்குன்னு ஒரு அதிகாரி, கணிகையருக்குன்னு ஒரு அதிகாரி. ரெண்டும் அரசாங்க டிபார்ட்மென்ட். மதுக்கடை எப்படி இருக்கணும்னு படிச்சா, ஏதோ ரிசார்ட் டெண்டர் மாதிரி இருக்கு. தனித்தனி அறைகள், தனித்தனிப் படுக்கை, உட்கார இருக்கை, பருவத்துக்கு ஏத்த மாதிரி வாசனை, பூமாலை, தண்ணி. ஆஹா, கஸ்டமர் கேர்னு கைதட்டப் போறீங்களா? இருங்க. அடுத்த வரியில ஒற்றன் உட்கார்ந்திருக்கான். எவன் வழக்கத்தை விட ஜாஸ்தியா செலவு பண்றான், ஊருக்குப் புதுசா வந்தவன் யாருன்னு குறிச்சுக்கணும். போதையில தூங்குறவன் போட்டிருக்கிற நகை, துணி, வச்சிருக்கிற காசு எவ்வளவுன்னு பார்த்து வைக்கணும். அது தொலைஞ்சா கடைக்காரன்தான் ஈடு கட்டணும், அபராதமும் கட்டணும். தனி அறையில அழகான அடிமைப் பெண்களை விட்டு, மயங்கிக் கிடக்கிறவன் மனசுல என்ன இருக்குன்னு அறியணும்.

அதாவது, ‘தனிமை’ங்கிற அந்தப் பொருளை விக்கிறவனும் அரசாங்கம், ஒட்டுக் கேக்குறவனும் அரசாங்கம். லிட்டில்ஃபிங்கர் இதைப் படிச்சிருந்தா கௌடில்யர் கால்ல விழுந்திருப்பார்.

ஒட்டுக் கேட்கிற கருவியா ஒரு பொண்ணை உட்கார வச்சாங்களே, அவளோட கணக்கைப் பாருங்க. இந்த ஏரியாவுலதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினீயரிங் பையன் முழிச்சுக்கிட்டான். ஒரு கணிகை அந்தத் தொழில்லேருந்து விடுதலை ஆகணும்னா கட்ட வேண்டிய தொகை 24,000 பணம். இது எவ்வளவு பெருசு? அதே புத்தகத்துல சம்பளப் பட்டியலும் இருக்கு. நாட்டோட வரி வசூல் தலைமை அதிகாரிக்கு, கஜானா தலைவருக்கு வருஷச் சம்பளம் 24,000. கடைசித் தட்டுல இருக்கிற வேலையாளுக்கு 60. வகுத்துப் பாருங்க. 400 வருஷம்! ஒரு கடைநிலை வேலையாள் 400 வருஷம் ஒரு காசு செலவழிக்காம சேர்த்தா ஒரு பொண்ணு வெளியே வரலாம். நடுவுல மாசா மாசம் ரெண்டு நாள் வருமானத்தை அரசுக்கு வரியா வேற கட்டணும். ராஜா போகச் சொன்ன ஆள்கிட்ட போக மாட்டேன்னு சொன்னா 1,000 கசையடி, இல்லைன்னா 5,000 பணம் அபராதம்.

ஏட்டுல கதவு இருக்கு. பூட்டும் அதே ஏட்டுல இருக்கு.

இப்ப திரும்பப் புகாருக்கு வருவோம். மாதவியை நமக்குத் தெரியும். ‘கோவலனை மயக்கினவள்’னு ஒரு வரியில முடிச்சு வச்சிருக்கோம். ப்ளஸ் டூ வரைக்கும் எனக்கும் அவ்வளவுதான் மாதவி. ஃபைவ் மார்க் கேள்வியில கண்ணகிக்கு நாலரை, மாதவிக்கு அரை. ஆனா இளங்கோ அரங்கேற்று காதையில அவளோட வயசைச் சொல்றார். அஞ்சு வயசுல பயிற்சி ஆரம்பம். ஏழு வருஷம். பன்னிரண்டு வயசுல அரங்கேற்றம். சோழ ராஜா முன்னாடி ஆடி, தலைக்கோல் பட்டம் வாங்குறா. கூடவே ஒரு பச்சை மாலை. மதிப்பு 1,008 கழஞ்சு பொன்.

பன்னிரண்டு வயசு. ஏழாங் கிளாஸ்.

அடுத்து நடக்கிறதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். அந்த மாலையை ஒரு கூனி கையில கொடுத்து, பணக்கார இளைஞர்கள் உலாத்துற தெருவுல விக்கிறவ மாதிரி நிக்க வைக்கிறாங்க. யார் வாங்குறானோ அவன் மாதவிக்கு மணமகன். பொண்ணை யாரும் விக்கலை பாருங்க, மாலையைத்தான் விக்கிறாங்க! எவ்வளவு டீசன்ட்! கோவலன் வாங்குறான். கூனியோட போறான். ஒரு கழஞ்சு சுமார் அஞ்சு கிராம்னு வச்சுக்கிட்டா 1,008 கழஞ்சு அஞ்சு கிலோவைத் தாண்டும். எங்க ஊர்ப் பக்கம் புரியிற மாதிரி சொன்னா, 630 பவுன்.

இளங்கோகிட்ட எனக்குப் பிடிச்சது என்னன்னா, அவர் பில்லைப் பகிரங்கமா போட்டுட்டார். வாங்கினவன் பேர் கோவலன், அப்பா பேர் மாசாத்துவான், பெரிய வணிகக் குடும்பம், கொடுத்த தொகை இவ்வளவு. இன்னிக்கு நிலைமையை யோசிங்க. ‘லாட்ஜில் அதிரடி ரெய்டு, அழகிகள் சிக்கினர்’னு நாம எத்தனை தடவை படிச்சிருப்போம்? முகத்தைத் துப்பட்டாவால மூடிக்கிட்டு வரிசையா நிக்கிற போட்டோ. ரூம் போட்ட கோவலன்கள் போட்டோ எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? டீக்கடையில அந்தப் பேப்பரைப் படிக்கிறவர் ‘அழகி’ங்கிற வார்த்தையில நின்னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்புவார். 1956-ம் வருஷச் சட்டம் விடுதி நடத்துறவனையும், அந்த வருமானத்துல வாழறவனையும், ஆளை இழுத்துட்டு வர்றவனையும்தான் முக்கியமா குறி வைக்குது. ரெய்டு, மீட்புனு எதுவா இருந்தாலும் அந்தப் பெண்களோட அடையாளம் வெளியே தெரியிற மாதிரி படமோ பேரோ போடாதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2022 மே மாசம் உத்தரவு போட்டிருக்கு. கோர்ட் சொல்லித்தான் இது தெரியணுமாங்கிறது வேற விஷயம். ரகசியம்னு ஒண்ணு அந்த வீடுகள்ல எப்பவும் இருந்திருக்கு. அது யாரைக் காப்பாத்த இருந்ததுங்கிறதுதான் கேள்வி.

காசு இருக்கிற வரைக்கும்தான் கோவலனும் ராஜா, அதுவும் உண்மை. மணிமேகலையில சாதுவன்னு ஒருத்தன் வர்றான். மனைவி ஆதிரையை விட்டுட்டு ஒரு கணிகை வீட்டுல சொத்தை இறைக்கிறான். கையில காசு தீர்ந்ததும் யாரோ எவரோன்னு வெளியே காட்டிட்டாங்க. அப்புறம் கப்பல் ஏறி, கப்பல் உடைஞ்சு, நாகர் தீவுல ஒதுங்கி... அது தனி அட்வென்சர், நேரம் கிடைச்சா படிங்க. நான் சொல்ல வந்தது, ஆம்பளைக்கு வெளியே போற கதவு ரொம்ப ஈஸி. பர்ஸ் காலியானா தானா திறந்துக்கும். சாதுவன் திரும்பி வந்தப்போ வீட்டுல ஆதிரை காத்திருந்தா.

பொண்ணுக்கு?

கோவலன் மதுரையில வெட்டுப்பட்ட செய்தி வந்ததும் மாதவி ஆட்டத்தை விட்டுடறா. அறவண அடிகள்கிட்ட போய் பௌத்தத்துல சேர்றா. பொண்ணு மணிமேகலையையும் கூட்டிட்டுப் போயிடறா. இந்திர விழா வருது, மாதவியைக் காணோம். ஊர் பேசுது. மாதவியோட அம்மா சித்ராபதிக்குக் கோபம். அந்த வீட்டோட மேனேஜரே அவங்கதான்னு வச்சுக்கலாம். தோழி வசந்தமாலையைத் தூது விடறாங்க, ஊர் காறித் துப்புதுன்னு. மாதவி அசையலை. மணிமேகலை என் பொண்ணு இல்ல, கண்ணகியோட பொண்ணு, இந்தத் தொழிலுக்கு வர மாட்டான்னு சொல்லிடறா. யோசிச்சுப் பாருங்க, சக்களத்தி பேரைச் சொல்லித் தன் பொண்ணைக் காப்பாத்துறா!

சித்ராபதியை வில்லின்னு முத்திரை குத்துறது ரொம்ப ஈஸி. நானும் அந்த மூடுலதான் படிச்சுட்டு வந்தேன். 18-வது காதையில அவங்க ஒரு சபதம் போடுறாங்க. மணிமேகலையை இளவரசன் உதயகுமரன் தேர்ல ஏத்தலைன்னா, தலையில செங்கல் ஏத்தி அரங்கைச் சுத்தி வந்து விலக்கப்பட்டு, வடுவோட வாழற பெண்களோட கதி எனக்கும் வரட்டும்னு. அந்த இடத்துல நிறுத்திட்டேன். அப்போ அப்படி ஒரு தண்டனை நிஜமாவே அந்தக் குலத்துல வழக்கத்துல இருந்திருக்கு! மீறினவ தலையில சுட்ட செங்கல்லை வச்சு, அவ ஆடின அதே மேடையைச் சுத்த விட்டு, வெளியே துரத்துறது. சித்ராபதி அதைப் பார்த்து வளர்ந்தவங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச வெளிவாசல் அது ஒண்ணுதான். பேத்தி அந்த வாசல் வழியா போயிடக் கூடாதுன்னு ஒரு பாட்டி பதறினதாவும் அதைப் படிக்கலாம். எனக்கு அப்படித்தான் படிக்கத் தோணுது. நீங்க ஒத்துக்க வேண்டியதில்லை.

மணிமேகலை எல்லாத்தையும் தாண்டிப் போறா. பளிக்கறைக்குள்ள ஒளியறா, மணிபல்லவத் தீவுக்குப் போறா, அமுதசுரபி கிடைக்குது, பசிச்சவங்களுக்கெல்லாம் சோறு போடுறா. இளவரசன் விடாம துரத்துறதால காயசண்டிகைங்கிற வேற ஒருத்தியோட உருவத்துல திரியறா. வெளியே வந்தும் சொந்த முகத்தோட நடமாட முடியலை! அந்த உருவத்துலயே சோழனோட சிறைக்குப் போய்க் கைதிகளுக்குச் சோறு போடுறா. ராஜா கூப்பிட்டு, உனக்கு என்ன வேணும்னு கேட்கிறார். சிறைச்சாலையை அறச்சாலையா மாத்துங்கன்னு சொல்றா. ராஜாவும் மாத்துறார். மேஜிக் பாத்திரம், பறக்கிற மந்திரம், உருவம் மாறுற வித்தைன்னு ஃபேன்டஸிக்குத் தேவையான எல்லா ஐட்டமும் இதுல இருக்கு பாஸ். அதெல்லாம் ஹீரோவுக்குப் போகலை. மாடி ரூம்ல இருந்திருக்க வேண்டிய பொண்ணு கைக்குப் போகுது. எழுதினவர் மதுரையில தானியம் வித்த வியாபாரி, சாத்தனார்.

ஆனா நிஜத்துல அமுதசுரபி கிடையாதே. வெளியே வந்த பொண்ணு ராத்திரி எங்கே தூங்குவா?

இதுக்கான பதில் 1930-ல மெட்ராஸ்ல இருக்கு. புதுக்கோட்டையில 1886-ல பிறந்தவங்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவங்க அம்மா சந்திரம்மாள் தேவதாசி சமூகத்துல பிறந்தவங்க. மெட்ராஸ் மாகாண சட்டசபைக்குள்ள நுழைஞ்ச முதல் பெண் உறுப்பினர், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுற வழக்கத்தை எதிர்த்து அங்கே போராடினவங்க. (அந்த வழக்கமும் புகார் கணிகை வாழ்க்கையும் ஒண்ணே இல்ல, காலமும் ஏற்பாடும் வேற. தேவதாசிகளுக்குச் சொத்துரிமை இருந்தது, கலை இருந்தது, சட்டம் வந்தா அதெல்லாம் போயிடும்னு அந்தச் சமூகத்துப் பெண்களே சிலர் எதிர்த்து எழுதினாங்க. அந்த வாதத்தைச் சுலபமா தள்ளிட முடியாது.) அதே வழியில பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊரா மேடை ஏறிப் பேசினாங்க, 1936-ல நாவலே எழுதினாங்க. சட்டம் கடைசியா வந்தது 1947-ல.

சட்டம் வர்றதுக்கு 17 வருஷம் முன்னாடியே சில பொண்ணுங்க கிளம்பிட்டாங்க. அந்த வாழ்க்கை வேண்டாம்னு முடிவு பண்ணி முத்துலட்சுமி ரெட்டி வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. அவங்களைப் படிக்க வைக்க மெட்ராஸ்ல ஹாஸ்டல் தேடினாங்க டாக்டர். இவங்க பிறப்பைக் கேட்டதும் ஹாஸ்டல் கதவு சாத்திக்கிச்சு. தலையில செங்கல் வைக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டர் அவங்களைத் தன் வீட்டுலயே தங்க வச்சாங்க. அதுதான் அவ்வை இல்லமா மாறுச்சு. சென்னை அடையாறு பக்கம் இன்னிக்கும் இருக்கு. பெண் பிள்ளைகள் படிக்கிறாங்க. அடுத்த தடவை சென்னை போனா, பஸ்ல அந்த ரோட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. வெளியே ஒரு போர்டு இருக்கும். உள்ளே ஸ்கூல் பெல் அடிச்சுக்கிட்டு இருக்கும்.